உப்புப் பார்க்காத குழம்பு

சேரப்பணஞ்சேரியில் பாஞ்சாலியம்மாள் வீட்டில் நான் நாலு வருஷம் குடியிருந்தேன். மாதத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் நாற்பத்தெட்டு அமாவாசை ஆகிறது. அத்தனைக்கும் விரதம் இருந்தேன். பெரிய பக்திமான் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் அம்மா மாதம் பிறந்ததும் ஒரு கார்டு போட்டுவிடுவாள். நலம், நலமறிய ஆவல் என்பதற்கு அடுத்த வரியே, வருகிற இன்ன கிழமை அமாவாசை, அய்யாவை நினைத்துக்கொண்டு ஒருபொழுது இரு என்றுதான் இருக்கும். எனக்குப் பத்து வயதில் அப்பா போய்விட்டார். முகம் பாதி மறந்துவிட்டது. ஆனால் அமாவாசையன்று காலை ஏழு மணிக்கு வயிற்றில் பசி கிளம்பும்போது மட்டும் அவர் ஞாபகம் தவறாமல் வந்துவிடும். அம்மாவின் யோசனையே அதுதானோ என்னவோ.

ஓடு போட்ட வீடு அது. அதை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை என்னுடையது. அதற்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை. பாஞ்சாலியம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றினார். நடவு காலத்தில் நடவுக்குப் போனார். மகன் சுபாஷ் என்னோடுதான் வேலை பார்த்தான், ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரிக்குத் தகரச் சாமான் அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில். மகள் சசிரேகா படப்பைக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடும் அந்த வீட்டில்தான். சுபாஷுக்கு என்ன தட்டில் விழுமோ அதுதான் என் தட்டிலும் விழும், அமாவாசை தவிர.

அமாவாசையன்று அந்தத் தெருவில் அநேகமாக எந்த வாசலிலும் கோலம் இருக்காது. செத்தவர்களுக்குப் படைக்கிற வீடுகளில் படையல் முடிகிறவரைக்கும் கோலம் போடுவதில்லை. வெறும் தண்ணீர் தெளித்து விட்டிருப்பார்கள். அடுப்பும் பத்துப் பதினொரு மணிக்குத்தான் புகையும். பாஞ்சாலியம்மாள் வீட்டு வாசலில் மட்டும் விடிவதற்கு முன்பே பெரிய கோலம் விழுந்திருக்கும். மற்ற நாட்களில் நாலு புள்ளியோடு முடித்துக்கொள்கிற கை, அன்றைக்கு மட்டும் பதினைந்து புள்ளி வைத்து இழுக்கும். இட்லிச் சட்டியிலிருந்து ஆவி தெருவுக்கே தெரிகிற மாதிரி கிளம்பும். வெங்காயச் சட்னியின் வாசனை என் அறைக்குள் வந்து என்னைக் கேலி செய்யும். சுபாஷ் குளித்துவிட்டு வந்ததும் அவர் கையாலேயே நாலு இட்லியைத் தட்டில் வைத்து, அவன் தின்று முடிக்கிறவரைக்கும் எதிரிலேயே நிற்பார். பிறகு டிபன் பாக்ஸில் இன்னும் நாலு இட்லி. பால் கறந்துவிட்டு, கோலம் போட்டுவிட்டு, இத்தனையையும் ஐந்து மணிக்குள் செய்து முடித்திருப்பார்.

அதே பாஞ்சாலியம்மாள், நானும் சுபாஷும் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குத் திரும்பும்போது எனக்காகத் தனியாக ஒரு சமையல் வைத்திருப்பார். வெங்காயம் பூண்டு கிடையாது. வாழைக்காய், பூசணிக்காய், கொத்தவரங்காய் எல்லாம் முறைப்படி இருக்கும். நான் குளித்து, காக்காய்க்கு ஒரு உருண்டை வைத்துவிட்டு, இலையில் உட்காருவேன். மகனுக்கு அப்பா இருக்கிறார், குடிவந்தவனுக்கு அப்பா இல்லை. ஒரே அடுப்பில் இரண்டு சட்டம்.

சுபாஷின் அப்பா பாண்டுரங்கன் எங்கே இருக்கிறார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனவர். செங்கல் சூளைக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். அரக்கோணம் ஸ்டேஷனில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். திருப்பதியில் மொட்டைத் தலையோடு பார்த்தேன் என்று இன்னொருவர். போய்த் தேடினால் இருந்ததில்லை. பாஞ்சாலியம்மாள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பார். தெருப் பெண்கள் அந்தக் குங்குமத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

இதெல்லாம் சரி, ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. சொன்னால் நன்றி கெட்டவன் என்பீர்கள். அந்த அம்மாள் கைப்பக்குவம் ஊரறிந்தது. சாதாரண நாளில் வெறும் கத்தரிக்காய்க் காரக்குழம்புக்கு நான் மூன்றாவது தடவை சோறு வாங்கியிருக்கிறேன். ஆனால் அமாவாசைச் சமையலில் மட்டும் உப்பு நிற்காது. ஒரு மாதம் குழம்பில் உப்பே இருக்காது. அடுத்த மாதம் வாயில் வைக்க முடியாது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். இருந்தாலும் பழகின கை, கண்ணளவிலேயே சரியாகப் போட்டுவிடும். அந்த ஒரு நாள் மட்டும் இந்த அம்மாளுக்குக் கை ஏன் தவறுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான் சொல்ல வந்தது 1991ஆம் வருஷம் வந்த மாளய அமாவாசை பற்றி. அந்த வருஷம் மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு அமாவாசையன்று ஒரு போலீஸ்காரர் சுபாஷின் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைப் பார்த்தார். என் பையில் கையை விட்டுத் துழாவிவிட்டு, உன் சாப்பாடு எங்கே என்று சந்தேகமாகக் கேட்டார். அமாவாசை சார், அப்பா இல்லை என்றேன். அவர் பாக்ஸை மூடிக் கொடுத்துவிட்டு, எனக்கும்தான்யா என்றார். காக்கிச் சட்டைக்குள்ளும் காலையிலிருந்து காய்கிற ஒரு வயிறு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கம்பெனியிலும் இந்த விரதத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்களுடையது பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். இந்த வரிசை ஒரு தடவை மாறினால் போதும், விரல் போய்விடும். நான் சேர்வதற்கு முன்பு யாரோ ஒருவருக்கு அமாவாசைப் பசியில் அப்படிப் போய்விட்டதாம். அதிலிருந்து அமாவாசையன்று ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்து, விரதம் இருக்கிறவன் எல்லாம் கையைத் தூக்கு என்பார். தூக்கினவர்களை பிரஸ்ஸிலிருந்து எடுத்து, மூலையில் உட்கார்ந்து தகட்டு ஓரத்துப் பிசிரை அரத்தால் அராவுகிற வேலைக்கு அனுப்பிவிடுவார். அங்கே கையைத் தூக்குவது சின்ன விஷயமில்லை. எனக்கு அப்பா இல்லை என்று நூறு பேருக்கு நடுவில் சொல்கிற மாதிரி அது. சுபாஷ் ஒருநாளும் தூக்கினதில்லை. தூக்கின கைகளைப் பார்க்கவும் மாட்டான். தகடுகளை எண்ணுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டு நிற்பான்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, மண்ணூரிலிருந்து சசிரேகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தசரதன் நல்ல பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். சசிரேகாவை டைப்ரைட்டிங் போகிற வழியில் பஸ்ஸில் பார்த்துவிட்டு அவனேதான் வீட்டில் சொல்லியிருக்கிறான். சசிரேகா காபித் தம்ளரைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் பஸ் ஞாபகம் இருந்தது என்று தெரிந்தது.

பேச்சு மாப்பிள்ளையின் தாய்மாமன் சுப்பராயனுடையது. வெள்ளை மனசுக்காரர்தான், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். பெண் பிடித்திருக்கிறது, சீர்செனத்தி பற்றிப் பேச்சே வேண்டாம், தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார்.

"பத்திரிகையில பொண்ணோட அப்பா பேர எப்டி போடறது? இருக்கறாரா, இல்லியா? எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்மா. செத்த வூட்டுப் பொண்ணு எங்கூர்ல எத்தினியோ பேர் கட்டிகினு வந்துகீறான். ரெண்டுங்கெட்டானா இருந்தாதான் பந்தியில ஒக்கார்றவன்லாம் பேசுவான்."

கூடவே இருந்த கிளியம்மாள் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். அவர் பாண்டுரங்கனின் அக்கா. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான், அவனுக்கு எள்ளும் தண்ணியும் விடாமல் தாகத்தில் அலைய விடுகிறாள் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிறவர். வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை மாளய அமாவாசை, மகன் விரதமிருந்து படைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது, பத்திரிகையில் காலஞ்சென்ற என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். சுப்பராயனும் தலையாட்டினார். இதற்கு முன்னால் இரண்டு இடம் இந்த ஒரே கேள்வியில் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் போனால் நாலாவது வராது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பாஞ்சாலியம்மாள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அமாவாசை கழித்துச் செவ்வாய்க்கிழமை சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சசிரேகா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரில்தான் பாண்டுரங்கனின் போட்டோ இருந்தது. டிராக்டர் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ. மாலையும் இல்லை, பொட்டும் இல்லை.

அடுத்த வாரம் முழுக்க சுபாஷ் வேலையில் பேசவே இல்லை. சனிக்கிழமை கேன்டீனில் டீ குடிக்கும்போது வாயைத் திறந்தான். தங்கச்சிக்காக விரதம் இருந்துவிடலாம் என்றுதான் அவனுக்கும் தோன்றுகிறது. அப்பா திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அவனுக்குப் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டது. ஆனால் எப்படி இருப்பது என்பதுதான் அவன் கவலை.

"காத்தால அம்மா இட்லிய வெச்சிகினு எதுர்ல நிக்கும், நடேசண்ணா. வேணாம்னு நான் எப்டி சொல்லுவேன்? வேணாம்னு சொன்னா, அப்பா செத்துட்டாருன்னு அது மூஞ்சிக்கு நேரா சொல்ற மாரி. அத்த என்னால சொல்ல முடியாது. நீ சொல்லேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. உன் அப்பா, உன் அம்மா, நடுவில் நான் எதற்கு என்று கேட்டேன். கேட்டேனே தவிர, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றேன்.

லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பாஞ்சாலியம்மாள் தவிட்டைக் கரைத்து மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, சுபாஷு அனுப்பினானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கும் இதே மாளய அமாவாசைதான் நடேசு. அவங்கப்பாருக்குப் படைக்கணும்னு மனுசன் வெறும் வயிறா கீறாரு. காத்தாலேர்ந்து பல்லுல தண்ணி படலே. எனக்கு அன்னிக்கு நடவு. ஏரிக்கீழ வேலய முடிச்சிகினு ஓடியாந்து அடுப்பு பத்த வெக்கறப்பவே மணி பன்னண்டு. அவசரம். கொழம்பு கொதிக்குது. கை தானா போச்சு. தெனமும் செய்யறதுதானே? ஒரு சொட்ட உள்ளங்கையில உட்டு, நாக்குல வெச்சி உப்பு பாத்துட்டேன். திரும்பறேன், வாசப்படியில நின்னுகினு கீறாரு."

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எங்கப்பன் சோத்த எச்சி பண்ணிட்டியேன்னாரு. அவ்ளோதான். கத்தக்கூட இல்ல. சட்டைய மாட்டிகினு போனாரு. சைக்கிளக் கூட எடுக்கலே. எங்க போவப்போறாரு, பசி வந்தா வருவாருன்னு நானும் கூப்படலே. அந்தக் கொழம்ப மாட்டுத் தொட்டியில ஊத்திட்டு, சட்டி கழுவி, வேற வெச்சேன். எல போட்டு ஒக்காந்துகினு இருந்தேன். மூணு மணி ஆச்சு, நாலு மணி ஆச்சு. எல காஞ்சி சுருண்டுகிச்சு."

மாடு தொட்டியை நக்கி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு சொட்டுக் குழம்புக்காக எந்த ஆம்பிளையும் ஒன்பது வருஷம் வீட்டை விட்டுப் போகமாட்டான், போகிறவனுக்கு வேறு காரணம் இருந்திருக்கும் என்று சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் அதற்கு அசரவில்லை.

"தெரியாமயா கீறேன்? அந்தாளு எப்பவோ கிளம்பணும்னு நெனச்சிட்டாரு, உப்பு ஒரு சாக்குன்னு எங்கண்ணன் அப்பவே சொன்னான். இருக்கட்டும். போறவரு துன்னுட்டு போயிருக்கலாம் இல்ல? வெறும் வயித்தோட போனவரு நடேசு. என்னப் பொறுத்தவரிக்கும் அவரு இன்னும் வெரதம் உடலே. வெரதத்துல கீற ஆளுக்கு நான் எப்டி படைக்கறது? சுபாஷு பட்டினி கெடந்தான்னா, நானே அவர சாவடிச்ச மாரி. கெடக்கலேன்னா எம் பொண்ணு இந்த வூட்லயே நின்னுடுவா. நீ படிச்சவன்தானே, சொல்லு. நான் இன்னா செய்யட்டும்?"

நான் படித்ததெல்லாம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாயில் ஏதாவது கோணலாக வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

"அது சரிம்மா. நீங்க அதுக்குப் பயந்துக்கிட்டு உப்பே பாக்காததால, ரெண்டு வருசமா எங்கய்யா இங்க உப்பில்லாமத்தான் சாப்பிட்டுட்டுப் போறாரு. அவரு என்ன பாவம் பண்ணினாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பாஞ்சாலியம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் முந்தானை முகத்திலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு, அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று கேட்டார். போன மாதம் பரவாயில்லை, ஆடி அமாவாசைக்குத்தான் சகிக்கவில்லை என்றேன். தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை விடிகாலையில் நான் குளிப்பதற்காகக் கதவைத் திறந்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று உடனே தெரியவில்லை. இட்லி வாசனை இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும் இருந்தது. கோலம் இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசலும் தெருவில் மற்ற வாசல்களைப் போல இருந்தது. வந்துவிடாதா என்று அந்த வெங்காயச் சட்னி வாசனைக்கு ஏங்கினேன். அத்தனை மாதம் அதைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

சுபாஷ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். டிபன் பாக்ஸ் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பாஞ்சாலியம்மாள் பால் வாளியோடு எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில், மெசின்ல ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் ரோடு வரைக்கும் நடந்தோம்.

ஷிப்ட் ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் வழக்கம்போல் கேட்டார். நான் தூக்கினேன். அது மாளய அமாவாசை என்பதால் நிறையப் பேர் தூக்கினார்கள். சுபாஷ் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் தலைகளை எண்ணிவிட்டுத் திரும்பும்போது அவன் கை மேலே போனது. முழுசாகப் போகவில்லை, தோள் உயரத்துக்குத்தான். சூப்பர்வைசர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். ஏன், எப்போது என்று ஒன்றும் கேட்கவில்லை. போய் உட்காருப்பா என்றார். மூலையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தியானம் வரைக்கும் தலையைத் தூக்காமல் பிசிர் அராவினான். அரத்தூள் பட்டுக் கண் கலங்குவது அந்த வேலையில் சகஜம் என்பதால் யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது மூன்று மணி தாண்டிவிட்டது. கிளியம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். போட்டோவைக் கீழே இறக்கி, துடைத்து, சுவரோரம் ஒரு பலகையில் வைத்திருந்தார்கள். முன்னால் பெரிய தலைவாழை இலை. புதுவேட்டி ஒன்று மடித்து வைத்திருந்தது. கிளியம்மாள் மாலை வாங்கி வந்திருக்கிறார். போட்டோவுக்குப் போடக் கூடாது என்று பாஞ்சாலியம்மாள் சொல்லிவிட்டாராம். மாலை தாம்பாளத்திலேயே கிடந்தது. பாஞ்சாலியம்மாள் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதையும் கிளியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபாஷ் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். எள்ளும் தண்ணீரும் விட்டான். சசிரேகா எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்க, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, உருண்டையைக் கிணற்றுச் சுவர்மேல் கொண்டுபோய் வைத்தான். என் அப்பாவுக்கு நானும் ஒரு உருண்டை பக்கத்தில் வைத்தேன். கா கா என்று கூப்பிட்டோம்.

ஒன்றும் வரவில்லை. முருங்கை மரத்தில் நாலைந்து காக்காய்கள் உட்கார்ந்துதான் இருந்தன. உருண்டையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. தெருவில் இருக்கிற அத்தனை வீட்டிலும் பன்னிரண்டு மணியிலிருந்து வடையும் பாயசமுமாகத் தின்ற காக்காய்க்கு மூன்றரை மணிக்கு என்ன பசி இருக்கும்? நான் அதைத்தான் நினைத்தேன். கிளியம்மாள் அப்படி நினைக்கவில்லை. தம்பிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஒன்பது வருஷம் தள்ளிப்போட்டால் எப்படி வருவான் என்று எல்லோர் காதிலும் விழும்படி முனகினார். சுபாஷ் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனான். சசிரேகா அழ ஆரம்பித்துவிட்டாள்.

பாஞ்சாலியம்மாள் கதவோரம் நின்று முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். குழம்புச் சட்டியையும் கரண்டியையும் வெளியே எடுத்துக்கொண்டு வந்து, போட்டோவுக்கு எதிரிலேயே வைத்து உட்கார்ந்தார். கரண்டியால் மொண்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்துக்கொண்டார்.

கிளியம்மாள் ஐயையோ என்று எழுந்தேவிட்டார்.

"சும்மா குந்து அண்ணி. உப்பே போடலே நான். பயத்துல மறந்தே பூட்டேன். இத்த எந்தக் காக்கா துன்னும்?" என்றார் பாஞ்சாலியம்மாள். சசிரேகாவிடம் உப்பு ஜாடியை வாங்கி, ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினார். இன்னொரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போட்டார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். இலையில் இருந்த சோற்றின் மேல் அந்தக் குழம்பை ஊற்றினார். பிறகு போட்டோவைப் பார்த்து, அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"உப்பு பாத்துட்டேன். அன்னிக்கும் பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன். வாயில வெக்க முடியாத சோத்த போட எனக்கு மனசு வரலே, அதான் பாத்தேன். சரியா கீது. கோச்சிக்காம துன்னு. துன்னுட்டு எங்க போவணுமோ போ."

கிளியம்மாள்கூட உட்கார்ந்துவிட்டார். தாம்பாளத்தில் இருந்த கற்பூரத்தை சுபாஷ் ஏற்றினான். புதுசாகப் பிசைந்த உருண்டையைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, இந்தத் தடவை கூப்பிடாமலே திரும்பி வந்தான். பாஞ்சாலியம்மாள் மகனுக்கு இலை போட்டார். எனக்கும் போட்டார். காலையிலிருந்து தானும் ஒன்றும் தின்னவில்லை என்று அப்போதுதான் சொன்னார். அவருக்கு அந்த வழக்கமே கிடையாது. புருஷன் இருக்கிற பெண்கள் அமாவாசைக்குப் பட்டினி கிடப்பதில்லை. தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு இலையை எடுக்கும்போது கிணற்றுச் சுவரில் உருண்டைகள் இல்லை. காக்காய் எடுத்ததா, அணில் எடுத்ததா, யாரும் பார்க்கவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் பாண்டுரங்கன், பாஞ்சாலி ஆகியோரின் குமாரத்தி என்றுதான் போட்டார்கள். காலஞ்சென்ற என்ற வார்த்தையைப் போட பாஞ்சாலியம்மாள் ஒப்பவில்லை. மகன் படைத்துவிட்டான், அது போதும் என்றார் சுப்பராயன். குங்குமத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. பாண்டுரங்கன் வரவே இல்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தக் கம்பெனியும் இல்லை, வேறு கம்பெனிகள் வந்துவிட்டன. ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கினால் எனக்கே திசை தெரிவதில்லை. எங்கள் வீட்டிலும் அமாவாசைச் சமையலை ருசி பார்க்காமல்தான் வைக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் காலை ஏழு மணிக்குப் பசி கிளம்பினால் இப்போதெல்லாம் அப்பா ஞாபகத்துக்கு முன்னால் அந்த அம்மாள் ஞாபகம் வந்துவிடுகிறது.

அந்த மாளய அமாவாசைக்கு அடுத்து வந்தது ஐப்பசி அமாவாசை. நல்ல மழை. நானும் சுபாஷும் நனைந்துகொண்டே வந்து, இரண்டு பேரும் உருண்டை வைத்துவிட்டு, பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். ஒரு வாய் வைத்ததும் சட்டென்று நிமிர்ந்து பாஞ்சாலியம்மாளைப் பார்த்தேன். அவர் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நடேசு, உங்கய்யாவுக்கு உப்பு போதுமா?"

போதும் என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இருந்த ஒவ்வொரு அமாவாசைக்கும் உப்பு சரியாக இருந்தது.